டைரக்டர் கேட்ட பர்கர்

பத்தொன்பது வருஷமாகக் காலை ஏழு மணிக்கு நான் ஸ்டீக் ஆர்டர் செய்துகொண்டிருக்கிறேன். இறைச்சி எவ்வளவு வேக வேண்டும், கூட என்ன வேண்டும், சாலட்டுக்கு டிரெஸ்ஸிங்கை மேலே ஊற்றலாமா, தனியாகத் தரட்டுமா என்று ஒன்று விடாமல் சொல்லி, நன்றியும் சொல்லி முடிப்பேன். அப்புறம் பஸ்ஸில் ஏறி, பெட்டிக்கடையில் வாங்கிய முக்கோணச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே அடுத்த கம்பெனிக்குப் போவேன்.

தென் கொரியாவில், சாங்வோன் தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாகப் போய் இங்கிலீஷ் சொல்லித் தருவது என் பிழைப்பு. பாங் டீச்சர் என்றால் பாதி கேட்டுகளில் காவல்காரர்களுக்குத் தெரியும். பாடப் புத்தகம் எதுவானாலும் ஆறாம் பாடம் ஓட்டலில் சாப்பிடுவது. டேபிள் கேட்பது, மெனு கேட்பது, ஸ்டார்ட்டர், மெயின், டெசர்ட், மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்வது. இந்தப் பாடம் எனக்கு அலுத்துப்போய் ரொம்ப காலம் ஆகிறது. வாய் பாட்டுக்கு அதைச் சொல்லும், மனசு பாட்டுக்கு வீட்டில் காயாமல் கிடக்கும் துணியை நினைத்துக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் காருக்குக் கதவுக் கீல் செய்யும் கம்பெனியில் ஏழு மணி வகுப்பு. ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். இரண்டாவது வாரத்தில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருத்தி பர்ச்சேஸ் பிரிவின் சுல்பி, இருபத்தொன்பது வயது, இங்கிலீஷ் ஏற்கெனவே நன்றாக வரும், வாயும் கொஞ்சம் நீளம். இன்னொருவர் பியோ தேக்சு. மெஷின் பராமரிப்புப் பிரிவின் தலைவர், ஐம்பத்தொரு வயது. வலது கைக் கட்டைவிரலில் நகம் கிடையாது, எப்போதோ ஒரு மெஷின் பெல்ட் கொண்டுபோய்விட்டது. ஓடுகிற மெஷினில் காதை வைத்துக் கேட்டே எந்த பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார் என்று சுல்பி சொன்னாள்.

அமெரிக்காவில், அலபாமாவில் கம்பெனி புதுத் தொழிற்சாலை கட்டியிருந்தது. அங்கே பராமரிப்புக்கு ஒரு தலைவர் போக வேண்டும். அந்த ஓர் இடம் பியோவுக்குக் கிடைத்தால் இன்னும் ஐந்து வருஷம் வேலை உறுதி. கிடைக்காவிட்டால் 'கௌரவ ஓய்வு' பட்டியலில் பெயர் வந்துவிடும். அதில் கௌரவமும் கிடையாது, ஓய்வும் கிடையாது. நம் ஊரில் ஐம்பது வயதில் வேலையை விட்டு வெளியே வருகிறவன் என்ன செய்வான்? தெருவுக்குத் தெரு இருக்கும் கோழிப் பொரியல் கடைகளோடு இன்னொன்றாகத் தானும் ஒரு கடை போடுவான், ஒன்றரை வருஷத்தில் மூடுவான்.

மெஷினை யாரை விடவும் நன்றாகத் தெரிந்தவர் பியோ என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தலைமை அலுவலகம் ஒரு விதி போட்டிருந்தது. வெளிநாடு போகிறவர்கள் இங்கிலீஷ் தேர்வில் நூற்றுக்கு அறுபது வாங்க வேண்டும். எழுத்துத் தேர்வு கிடையாது. பூசானிலிருந்து ஒரு தேர்வு நிறுவனம் வரும், ஆட்களை ஸ்டீக் கடைக்குக் கூட்டிப் போகும், தேர்வாளரே ஏப்ரன் கட்டிக்கொண்டு சர்வராக நிற்பார். அவரவர் சாப்பாட்டை அவரவர் கேட்க வேண்டும். கேள்விக்குப் பதில், எதிர்க் கேள்வி, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிக் கேட்பது, ஒரு குறை சொல்வது, எல்லாவற்றுக்கும் தனித்தனி மதிப்பெண்.

முதல் வாரம் பியோவோடு மல்லுக்கட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"டீச்சர், இவன் சர்வரா போலீசா?" என்று புத்தகத்தைத் தள்ளி வைத்தார். "சாப்பிட வந்தவனை எதுக்கு இத்தனை கேள்வி கேக்குறான்?"

"உங்களுக்கு எப்படி வேணும்னு தெரிஞ்சுக்கத்தான் சார்."

"கேட்டுக்கு எதிர்ல குக்பாப் கடை இருக்கில்ல, கதவைத் தொறக்கும்போதே ரெண்டு விரலைக் காட்டுறேன். செருப்பைக் கழட்டி உக்கார்றதுக்குள்ள கொதிக்கக் கொதிக்க ரெண்டு சட்டி சூப்பும் சோறும் வந்துருது. இங்க என்னடான்னா உருளைக்கிழங்கை அவிக்கட்டுமா, சுடட்டுமா, பொரிக்கட்டுமா, மசிக்கட்டுமாங்குறான். சமையல்காரன் அவனா நானா?"

சுல்பி சிரித்தாள். "சார், சம்பந்தம் பேசப் போனப்பகூட நீங்க இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க."

"அப்ப எங்கம்மா யோசிச்சாங்க. நான் சும்மா உக்காந்திருந்தேன்" என்றார் பியோ.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து வந்தவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? "சார், அலபாமாவுல உங்கம்மா வந்து ஆர்டர் பண்ண மாட்டாங்க. திருப்பிச் சொல்லுங்க" என்றேன். சொன்னது கொஞ்சம் காட்டமாகத்தான் வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தை மறுபடி இழுத்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரைப் போல ஒரு மாணவன் பத்தொன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. மெஷின் பரிசோதனைக்கு வைத்திருக்கிற அட்டை மாதிரியே ஓர் அட்டை போட்டுக்கொண்டு வந்தார். இடது பக்கம் சர்வர் கேட்கக்கூடிய கேள்விகள், வலது பக்கம் பதில்கள், கடைசியில் சரி பார்த்ததற்கு ஒரு கட்டம். ரேர், மீடியம், வெல்டன் என்று இறைச்சி வேகும் பதம் மூன்றையும் இரும்பைச் சூடேற்றிப் பதம் பார்க்கிற கணக்கில் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். தொழிற்சாலையில் வால்வைத் திருப்பும் முன் விரலால் காட்டி வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது வழக்கம். அதே பழக்கத்தில் மெனுவையும் விரலால் குத்தி, "ரிப்ஐ ஸ்டீக், மீடியம் வெல், சரி" என்று ராணுவத்தில் கத்துவது போலக் கத்துவார்.

"சார், பக்கத்து டேபிள்காரன் எழுந்து ஓடிருவான்" என்பாள் சுல்பி. சர்வர் வேஷம் எப்போதும் அவளுக்குத்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேனாவைத் தட்டிக்கொண்டு, இருக்கிற கேள்வியெல்லாம் கேட்டு அவரைப் படுத்துவாள். வேண்டுமென்றே தப்பான சாப்பாட்டைக் கொண்டு வந்து வைப்பாள். அவர் நெற்றி வியர்த்துக் குறை சொல்லிப் பழகினார். முதலில், "பரவாயில்லை, இதையே சாப்பிட்டுக்கிறேன்" என்று கொரிய மொழியில் முனகுவார். "பரவாயில்லைன்னா பூஜ்யம் சார்" என்று நான் மேஜையைத் தட்டுவேன்.

முப்பத்தெட்டாவது நாளோ முப்பத்தொன்பதாவது நாளோ, சரியாக நினைவில்லை, முதல் தடவையாக ஒரு பிசகும் இல்லாமல் முடித்தார். ரிப்ஐ, மீடியம் வெல். உருளைக்கிழங்குக்குப் பதிலாகச் சுட்ட காய்கறி தர முடியுமா? சாஸில் பால் சேர்க்கிறார்களா? டிரெஸ்ஸிங் தனியாக. குடிக்க ஐஸ் இல்லாத தண்ணீர். நான் கேட்டதை விட அதிகமாக வெந்திருக்கிறதே, மாற்றித் தருவீர்களா? மிச்சத்தைக் கட்டித் தாருங்கள். சுல்பிக்கே கேட்க வேறு கேள்வி அகப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன ஆறாம் பாடத்துக்கு அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"டீச்சர், என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன்" என்றார் பியோ, அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி. "அங்க போன முதல் ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டுப் போயி, நானே எல்லாம் கேட்டு வாங்கித் தரப்போறேன். அவ நம்ப மாட்டேங்குறா."

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், பணியாளர் பிரிவிலிருந்து ஒரு தகவல் வந்தது. கம்பெனி டைரக்டர்களில் ஒருவரான மேங்கும் அதே மேஜையில் உட்காருவார். அலபாமாத் தொழிற்சாலைக்கு அவர்தான் தலைவராகப் போகிறார். பெயருக்கு ஒரு தேர்வு, அவருக்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. மூன்று வருஷம் முன்பு வேறொரு கம்பெனியிலிருந்து வந்தவர், ஐம்பத்தேழு வயது, அதிர்ந்து பேசாத மனிதர். என் வகுப்புக்கு ஒரே ஒரு நாள் வந்து, பின் வரிசையில் உட்கார்ந்து, தூங்கிவிட்டுப் போனார். 'சரி, கூட ஓர் ஆள், அவ்வளவுதானே' என்று விட்டுவிட்டேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே.

ஷாப்பிங் மாலின் இரண்டாவது மாடியில் அந்த ஸ்டீக் கடை. பதினொன்றரைக்கே ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். தேர்வாளர் நியூசிலாந்துக்காரி, ஜூடித் என்று பெயர், வெள்ளை முடி, கறுப்பு ஏப்ரன், நல்ல சிரிப்பு. மேஜையில் மூன்று பேர். டைரக்டர் நடுவில், பியோ அவருக்கு வலப்பக்கம், வகுப்புக்கு வந்தவள் என்பதால் தேர்வுக்கும் வந்திருந்த சுல்பி எதிரில். நான் அடுத்த மேஜையில். வாயைத் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

மெனு அட்டைகள் வந்தன. பியோ திறந்து, கண்ணை ஓட்டி, ரிப்ஐ இருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கத்தாமல் சரிபார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூடித் வந்து நின்று யாரிடம் தொடங்கலாம் என்று மூன்று முகத்தையும் பார்த்தார். டைரக்டர் மெனுவை மூடினார்.

"ஹாம்பர்கர்" என்றார். "கோலா."

பொரித்த உருளைக்கிழங்கா, சாலட்டா என்று ஜூடித் கேட்டார்.

"யெஸ்" என்றார் டைரக்டர்.

ஜூடித் சிரிப்பு மாறாமல் ஏதோ எழுதிக்கொண்டு, பியோவின் பக்கம் திரும்பினார். இன்று தாங்கள் என்ன சாப்பிட விரும்புகிறீர்கள் என்ற கேள்வி. நாற்பது காலை சுல்பி கேட்ட அதே கேள்வி.

எந்த ஆபீஸ் மதியச் சாப்பாட்டுக்கும் போய்ப் பாருங்கள். பெரியவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் மேஜைக்கே. அவர் கிம்ச்சிக் குழம்பு என்றால் எட்டுப் பேருக்கும் கிம்ச்சிக் குழம்பு. சாப்பாடு ஒன்றாக வரும், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், முக்கியமாகப் பெரியவர் காத்திருக்க வேண்டாம். அவர் சொன்னதை விட உயர்ந்த ஒன்றைக் கீழே இருக்கிறவன் கேட்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இருபத்தாறு வருஷம் பியோ அப்படித்தான் மதியம் சாப்பிட்டிருக்கிறார். நானும் எந்தக் கம்பெனியில் அழைத்தாலும் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.

பியோவின் விரல் ரிப்ஐ மேலேயே இருந்தது. டைரக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'கேளுங்க சார், கேளுங்க' என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் விரலை எடுத்து மெனுவை மூடினார்.

"சேம்" என்றார்.

குடிப்பதற்கு?

"சேம்."

ஜூடித் நல்லவர். அவரும் உதவத்தான் பார்த்தார். ஏதாவது மாற்ற வேண்டுமா, வெங்காயம் வேண்டாமா, சீஸ் வேண்டுமா, உருளைக்கிழங்குக்குப் பதில் வேறு ஏதாவது வேண்டுமா என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எல்லாம் அட்டையில் இருந்த கேள்விகள். பியோ ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, "நோ. சேம்" என்றார். எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

சுல்பி சால்மன் கேட்டாள். எலுமிச்சை தனியாக, சோறு வேண்டாம், சூப் என்ன சூப், எல்லாம் கேட்டாள். "நம்ம சுல்பி பெரிய இடம்" என்று டைரக்டர் மெல்லச் சிரித்தார். அவள் காது சிவந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பர்கர் இரண்டும் முதலில் வந்தன. பியோ கத்தியும் முள்கரண்டியும் எடுக்காமல், டைரக்டர் கையால் எடுப்பதற்குக் காத்திருந்து, தானும் கையால் எடுத்துக் கடித்தார். குறை சொல்ல வேண்டிய கட்டத்தில் ஜூடித் வந்து சாப்பாடு எப்படி என்று கேட்டபோது, டைரக்டர் கட்டைவிரலை உயர்த்தினார். பியோவும் நகமில்லாத தன் கட்டைவிரலை உயர்த்தினார்.

கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். டைரக்டர் முன்னால் போய்விட்டார், சுல்பி வேனில் ஏறிவிட்டாள்.

"என்ன சார் பண்ணிட்டீங்க?" என்றேன். "எல்லாம் தெரியுமே சார் உங்களுக்கு."

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் என்ன கேடு?"

அவர் சிகரெட்டை எடுத்தார், பற்ற வைக்காமல் விரலில் உருட்டினார். "டைரக்டர் பர்கர் சாப்பிடும்போது நான் எப்படி டீச்சர் ஸ்டீக் கேக்குறது?"

"இது தேர்வு சார். பசிக்குச் சாப்பிடப் போகலை."

"அதுவும் தெரியும். ஆனா நீங்க அந்தப் பக்கம் இருந்தீங்க, நான் அவர் பக்கத்துல இருந்தேன். அந்தம்மா கேட்ட கேள்விக்கு அவர் யெஸ்ஸுன்னாரே, பாத்தீங்கல்ல? அவருக்கு ஒண்ணும் வரலை டீச்சர். பாவமா இருந்துச்சு. அவருக்குக் கீழ வேலை பாக்குறவன், உடனே அடுத்தாப்ல வரிசையா இங்கிலீஷை எடுத்து விட்டா அவர் முகத்தை எங்க வெச்சுப்பார்? அதுவும் அந்தச் சின்னப் பொண்ணு எதிர்ல."

"அந்தச் சின்னப் பொண்ணு கேட்டாளே சார்."

"அவ சின்னப் பொண்ணு. கேக்கலாம்" என்றார். "நான் வாயைத் தொறந்தேன் டீச்சர். நெஜமாத்தான். வரலை."

வெள்ளிக்கிழமை மதிப்பெண் வந்தது. சுல்பிக்கு எண்பத்தெட்டு. பியோவுக்கு இருபத்தொன்பது. டைரக்டர் பெயருக்கு நேராக 'கலந்துகொண்டார்' என்று மட்டும் போட்டிருந்தது.

நான் யாருக்காகவும் சிபாரிசுக்குப் போகிறவள் இல்லை. பாடம் சொல்லித் தந்தோமா, பஸ்ஸைப் பிடித்தோமா என்று இருக்கிறவள். அன்றைக்கு என்னவோ அடங்கவில்லை. அடுத்த கம்பெனிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு, நேரே மேங் டைரக்டரின் அறைக்குப் போனேன்.

"பியோ சாருக்கு இன்னொரு தடவை தேர்வு வைக்கச் சொல்லணும் சார்" என்றேன், உட்காருவதற்கு முன்பே.

அவர் எழுந்து போய்த் தானே பாக்கெட் காப்பி இரண்டைப் பிரித்துக் கலக்கிக்கொண்டு வந்தார். "உக்காருங்க டீச்சர். எனக்கும் அதே வருத்தம்தான். ஆனா இன்னொரு தடவை வெச்சு என்ன பண்றது? அவனால முடியாது, பாவம்."

"முடியும் சார்."

"நான் பக்கத்துலயே இருந்தேன். மெனுவைத் தொறந்ததும் அவன் முழிக்க ஆரம்பிச்சான். ஒரே எடத்துல விரலை வெச்சுக்கிட்டு, வாய் மட்டும் அசையுது, பக்கத்தைத் திருப்பக்கூட தெரியலை. அந்தம்மா முதல்ல அவனைக் கேட்டுட்டா மானம் போயிருமேன்னு நானே முந்திக்கிட்டேன். இருக்கறதுலயே சுலபமா என்ன இருக்கு? பர்கர். அவன் சேம்னு சொல்லிட்டுத் தப்பிச்சுக்கட்டும்னு விட்டேன். ரெண்டு வார்த்தைல தப்பு வராது, அறுபது வந்துரும்னு நெனச்சேன். மாத்திக் கேக்குறதுக்கெல்லாம் தனி மார்க்குன்னு எனக்கு யாரும் சொல்லலை."

"அப்ப உருளைக்கிழங்கா சாலட்டான்னு கேட்டதுக்கு நீங்க யெஸ்னு சொன்னது?"

"அதுவும் அவனுக்காகத்தான். டைரக்டரே உளர்றார், நாம உளறினா என்னன்னு அவனுக்குத் தைரியம் வரட்டுமேன்னு." அவர் லேசாகச் சிரித்தார். "நான் இங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் சிகாகோல இருந்தவன் டீச்சர். இங்க யார்கிட்டயும் சொல்லிக்கிட்டதில்லை. அங்க காலைல ஒரு முட்டை சாப்பிடணும்னா நாலு கேள்விக்குப் பதில் சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது காலை, மெஷின் பரிசோதனை அட்டை, மீடியம் வெல், காய்கறி, சாஸில் பால், தப்பாக வந்த தட்டைத் திருப்பி அனுப்பியது எல்லாம். ஒரே இடத்தில் விரலை வைத்திருந்தது தெரியாமல் அல்ல, கேட்கப்போவதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னேன். அவர் காப்பியைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தெரிஞ்சவன் ஏன் கேக்கலை?"

"நீங்க பர்கர் கேட்டீங்க சார்."

கப்பை மேஜையில் வைத்தார். பிறகு என் எதிரிலேயே சியோல் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அடங்கிப் பேசுகிறவர், இரண்டு தடவை குரலை உயர்த்தினார். பயன் இல்லை. பட்டியல் முடிந்து கையெழுத்தாகி, அந்த இடத்துக்கு இன்னொரு தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆளைப் போட்டாகிவிட்டது. ஒரு விதியை ஒருத்தருக்காக மாற்றினால் எல்லாரும் வந்து நிற்பார்கள் என்றார்களாம்.

நான் எழுந்தபோது, "டீச்சர், ஒண்ணு கேக்குறேன்" என்றார். "இதை அவன்கிட்ட சொல்லிராதீங்க. ஒண்ணும் தெரியாதவன்னு நான் நெனச்சுப் பரிதாபப்பட்டேன்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். அவன் கௌரவமான ஆளு."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது? வரும் வழியில் பஸ்ஸில் அவர்கள் இருவர் மீதும் கோபம் கோபமாக வந்தது. ஒருத்தன் இன்னொருத்தனிடம் கொரிய மொழியிலேயே, தாய்மொழியிலேயே, ஒரே ஒரு வாக்கியம் கேட்டிருக்கலாம். 'உனக்கு என்ன வேணும்?' அவ்வளவுதான். அதைச் சொல்லித் தர ஒரு டீச்சரும் வேண்டாம். அப்புறம் அந்தக் கோபமும் போய், அசதிதான் மிஞ்சியது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை, வகுப்பு தொடங்கும் முன், பியோ ஒரு பெட்டி ஆரஞ்சு கொண்டு வந்து மேஜையில் வைத்தார். கம்பெனிச் சட்டை இல்லை, சாதாரண ஜாக்கெட் போட்டிருந்தார். ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

"மனைவி என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. விமானத்துல காது வலிக்கும்னு அவளுக்கு முன்னாலேயே பயம். அதனால நல்லதாப் போச்சுங்குறா." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "பொய்தான் சொல்றா. பெட்டி வாங்கி வெச்சிருந்தா."

நான் ஆரஞ்சுப் பெட்டியின் நாடாவைப் பிரித்து மறுபடி கட்டினேன்.

"நேத்து டைரக்டர் கூப்பிட்டார் டீச்சர். ரொம்ப மனசு ஒடஞ்சு இருந்தார். அன்னைக்கு நான் பர்கர் கேட்டிருக்கக் கூடாதுய்யான்னார். எனக்குத் தாங்கலை. அதான் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"சார், எனக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைகூட ஏறலை, அந்த டீச்சர் பாவம் நாப்பது நாள் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினாங்க, ஒண்ணும் மண்டைல நிக்கலை. நீங்க பர்கர் கேட்டதாலதான் நான் அன்னைக்கு மானத்தோட எழுந்து வந்தேன்னேன்." என் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சொன்னார், "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்க பாடத்துல குறைன்னு சொல்லலை. அவரால எனக்குப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டே அவர் அங்க போயி உக்காந்திருக்கணுமா? அவரே பாஷை தெரியாம அந்த ஊர்ல முழிக்கப் போறார்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார் சார்?"

"ஆமாய்யா, உனக்கு இங்கிலீஷ் வராதுதான், என்ன பண்றதுன்னார். நல்ல மனுஷன், அதோட விட்டுட்டார்." பியோ ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தார், மறுபடி கீழே இறக்கினார். "ஒண்ணுதான் டீச்சர் புரியலை. எழுந்து வந்து என் கையைப் பிடிச்சார். ரெண்டு கையாலயும் பிடிச்சார். நான் கீழ வேலை பாத்தவன், அவர் டைரக்டர். ரொம்ப நேரம் விடவே இல்லை. குனிஞ்சு குனிஞ்சு தலையை வேற தாழ்த்துறார். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. ஏன் டீச்சர் அப்படிப் பண்ணினார்?"

"தெரியலையே சார்" என்றேன்.